ஓட்டு வாங்கி வரும் காவல் அதிகாரி: அமெரிக்கக் கிராமத்து ஷெரீஃபின் வாழ்க்கைப் பாதை

அமெரிக்கப் போலீஸ் என்றதும் பலருக்கும் நியூயார்க்கோ சிகாகோவோதான் நினைவுக்கு வரும். நகரத்தை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் காரில் போனால் நிலைமையே வேறு. சோள வயல், மேய்ச்சல் நிலம், காடு, இடையிடையே ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், ஒரு மளிகைக் கடை. அந்தப் பரப்பில் நகரப் போலீஸ் கிடையாது. யாராவது 911 என்ற அவசர எண்ணுக்கு அழைத்தால் வந்து நிற்பவர் கவுண்டியின் ஷெரீஃப், இல்லையென்றால் அவர் அனுப்பும் டெபுடி, அதாவது அவருக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரி.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவு. நாடு முழுக்க 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஷெரீஃபைத் தேர்ந்தெடுப்பது மக்கள். நகரப் போலீஸ் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோ நியமிக்கும். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடும். ஷெரீஃபை அப்படி யாரும் அனுப்ப முடியாது. கவுண்டியின் நிர்வாகக் குழு அவருக்குப் பணம் ஒதுக்கலாம், குறைக்கலாம். உத்தரவு போட முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் பதவிக்காலம் 4 ஆண்டுகள், மாசசூசெட்ஸில் 6. விதிவிலக்குகளும் உண்டு. அலாஸ்காவில் கவுண்டியே இல்லை. கனெக்டிகட் மாநிலம் 2000-ல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது. ரோட் ஐலண்டிலும் ஹவாயிலும் இதற்குத் தேர்தல் கிடையாது.

சென்னையின் பழைய ஆட்களுக்கு ஷெரீஃப் என்ற சொல் புதிதல்ல. மெட்ராஸுக்கும் ஒரு ஷெரீஃப் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றிய அந்தப் பதவி, பிற்காலத்தில் நகரப் பிரமுகர் ஒருவருக்குத் தரும் கௌரவமாக மாறி, தொண்ணூறுகளின் இறுதியில் இல்லாமலே போனது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், இங்கிலாந்து. அங்கே 1215-ல் மன்னர் ஜான் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டாவிலேயே ஷெரீஃப்கள் செய்யக்கூடாதவை பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. மெட்ராஸில் அந்தப் பதவி தேய்ந்தது. அமெரிக்காவில் ஓட்டுப்பெட்டியோடு சேர்ந்து வளர்ந்தது. ஒரு ஷெரீஃபின் வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த ஓட்டுப்பெட்டியிலிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ரோந்து, புலனாய்வு ஆகியவை தெரிந்தவை. அதற்கு மேல் நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு தர வேண்டும். கைதிகளை அழைத்துப் போய் வர வேண்டும். விவாகரத்து வழக்கின் சம்மன் முதல் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆணை வரை கோர்ட் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனரும் ஷெரீஃபே. கொலராடோவில் மலையில் வழிதவறியவர்களைத் தேடி மீட்கும் பொறுப்பைச் சட்டம் அவர் தலையில் வைத்திருக்கிறது. டெக்சாஸில் 10,000 பேருக்கும் குறைவாக இருக்கும் சில கவுண்டிகளில் சொத்து வரியை நிர்ணயித்து வசூலிப்பவரும் அவரே.

அந்த டெக்சாஸின் 254 கவுண்டிகளில் ஒன்று லவிங் கவுண்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். பரப்போ சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். மென்டோன் என்ற ஒரே ஊர்தான் தலைநகர். 1945-ல் எட்னா ரீட் என்ற பெண் அங்கே ஷெரீஃபாக நியமிக்கப்பட்டு, பிறகு தேர்தலிலும் வென்றார். டெக்சாஸில் தேர்தலில் வென்று ஷெரீஃபான முதல் பெண் அவர்தான். இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை. பதவியில் இருந்த காலத்தில் இரண்டே கைதுகள். இப்படியும் ஒரு ஷெரீஃப் இருக்க முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இன்றைய கிராமத்து ஷெரீஃபுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போதைமருந்தும் மனநல நெருக்கடிகளும் அவருடைய நாட்களைத் தின்றுவிடுகின்றன.

அவருடைய பணத்தையும் ஆட்களையும் தூக்கத்தையும் அதிகம் எடுத்துக்கொள்வது ஜெயில். பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி ஜெயிலை நடத்துவது ஷெரீஃபின் பொறுப்பு. நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் வழக்கு முடியாமல் காத்திருப்பவர்கள். ஜாமீன் கட்டக் காசில்லாதவர், குடிபோதையில் வண்டி ஓட்டியவர், மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டதால் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ். கிராமத்தில் மனநல மருத்துவமனை இருக்காது. கட்டில் காலியாக இருக்கும் இடம் மூன்று நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கலாம். அங்கே ஒருவரை ஒரு டெபுடி அழைத்துப் போனால், அன்று இரவு கவுண்டியின் பாதிப் பகுதிக்கு ரோந்து கிடையாது.

ஷெரீஃப் ஆகப் போகிறவரின் பாதை பெரும்பாலும் இந்த ஜெயிலில்தான் தொடங்குகிறது. உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர், ஃபுட்பால் ஆடியவர், சிலர் ராணுவத்தில் ஒரு சுற்று போய் வந்தவர்கள். இருபதுகளின் தொடக்கத்தில் ஜெயில் காவலராகவோ 911 அழைப்பு எடுப்பவராகவோ சேர்கிறார்கள். புதியவருக்குக் கிடைப்பது ராத்திரி ஷிஃப்ட். நள்ளிரவில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அவருடைய பெல்ட்டையும் ஷூ லேஸையும் கழற்றி வாங்க வேண்டும். பர்ஸில் இருக்கும் பணத்தை அவர் கண்முன்னே எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் ஒரு படிவம்: என்ன மருந்து சாப்பிடுகிறாய், கடைசியாக எப்போது குடித்தாய், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா. இந்தக் கேள்விகளை அவசரமாகக் கேட்டு முடிப்பதற்கும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. அமெரிக்காவின் உள்ளூர் ஜெயில்களில் நேரும் மரணங்களுக்கான தனித்தனிக் காரணங்களில் தற்கொலைதான் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்துவந்திருக்கிறது. உள்ளே வந்த முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. எதிரில் கைகட்டி நிற்பவர் பள்ளியில் கூடப் படித்தவராகவும் இருக்கலாம். கிராமத்து ஜெயிலில் அது சகஜம்.

சில ஆண்டுகள் அங்கே தாக்குப்பிடித்தவரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் பயிற்சிக் காலம் மாறும், சில மாதங்கள் ஆகும். சட்டம், துப்பாக்கி, வண்டி ஓட்டுதல், முதலுதவி எல்லாம் கற்று, மாநிலச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு டெபுடியாகத் திரும்புகிறார். இப்போது கையில் ஒரு கார், ஒரு வானொலிக் கருவி, நூற்றுக்கணக்கான சதுர மைல் நிலம். நகரப் போலீஸ்காரர் உதவி கேட்டால் சில நிமிடங்களில் ஆள் வந்துவிடும். இங்கே பக்கத்து டெபுடி கவுண்டியின் மறுமுனையில் இருப்பார், வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் அனுபவசாலிகள் வாயால் வேலை செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். குடித்துவிட்டு வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரிடம், அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கத் தெரிந்தவர் நீண்ட நாள் நிலைப்பார்.

இன்னொரு வேலையும் உண்டு, அதற்கு எந்தப் பயிற்சியும் போதாது. நெடுஞ்சாலையில் விபத்து நடந்து ஒரு பையன் இறந்துவிட்டால், பெற்றோருக்குப் போனில் சொல்வதில்லை. யாராவது நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். சிறிய கவுண்டியில் அது பல நேரம் ஷெரீஃபே. அந்த வீட்டுக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். அந்த நேரத்தில் அவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சார்ஜென்ட், புலனாய்வாளர், பிறகு ஷெரீஃபுக்கு அடுத்த நிலையான தலைமை டெபுடி என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளில் படியேறலாம். கடைசிப் படிக்குப் பதவி உயர்வு கிடையாது, தேர்தல்தான். நடப்பு ஷெரீஃப் ஓய்வு பெற்று, தன் தலைமை டெபுடியை வாரிசாகக் காட்டிவிட்டால் வழி சுலபம். அவர் விலகாவிட்டால் சொந்த முதலாளியை எதிர்த்து நிற்க வேண்டும். பல மாநிலங்களில் டெபுடிகளின் வேலை ஷெரீஃபின் விருப்பத்தில் தொங்குகிறது. எதிர்த்து நிற்பவர் பெரும்பாலும் முன்கூட்டியே ராஜினாமா செய்கிறார், இல்லையென்றால் நீக்கப்படுகிறார். தோற்றால் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அவருக்கு ஆதரவாகப் பேசிய மற்ற டெபுடிகளும் மாட்டிக்கொள்வார்கள். தேர்தல் வருடத்தில் ஒரு சிறிய ஷெரீஃப் அலுவலகத்துக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே குறைந்துவிடும்.

பிரச்சாரம் பார்ப்பதற்கு எளிமையானது. வீட்டு முற்றங்களில் சிறிய பலகைகள், கவுண்டிச் சந்தையில் கைகுலுக்கல், ஜூலை 4 ஊர்வலத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய், தேவாலயத்தில் விருந்து. பெரும்பாலான மாநிலங்களில் கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. ஒரே கட்சிக்குச் செல்வாக்குள்ள கவுண்டிகளில் உண்மையான தேர்தல், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அந்தக் கட்சிக்குள் நடக்கும் உட்தேர்தலோடு முடிந்துவிடுகிறது. நவம்பரில் எதிரே ஆளே இல்லாமல் ஜெயிப்பவர்கள் ஏராளம். மக்கள்தான் இவருக்கு எஜமான் என்று பெருமையாகச் சொல்வார்கள். தேர்ந்தெடுக்க இரண்டாவது பெயரே இல்லாதபோது அந்த எஜமானால் என்ன செய்ய முடியும்?

பதவிக்கு வந்தபின் மாறும் வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஓஹையோ, இண்டியானா, அயோவா போன்ற மாநிலங்களில் ஷெரீஃபின் வீடும் ஜெயிலும் ஒரே கட்டடம். முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் கம்பி அறைகள். மனைவி தன் குழந்தைகளுக்குச் சமைத்த அதே அடுப்பில் கைதிகளுக்கும் சமைத்தார், துணி துவைத்தார், பெண் கைதிகளைப் பார்த்துக்கொண்டார். பல இடங்களில் அதற்குத் தனிச் சம்பளம்கூட இல்லை. மிசிசிப்பியில் ஷெரீஃப் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்கச் சட்டம் தடை போட்டிருந்த காலத்தில், சில மனைவிகள் தேர்தலில் நின்று ஷெரீஃப் ஆனார்கள். கணவர் டெபுடியாக அதே வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பழைய கட்டடங்களில் பல இன்று அருங்காட்சியகங்கள். குடும்பத்துக்கு ஓய்வில்லாத நிலை மட்டும் மாறவில்லை. மளிகைக் கடை வரிசையிலும் பிள்ளையின் விளையாட்டுப் போட்டியிலும் யாராவது வந்து பக்கத்து வீட்டு நாயைப் பற்றியோ மகனின் வழக்கைப் பற்றியோ பேசுவார்கள். கேட்கத்தான் வேண்டும். அவர்கள் ஓட்டுப் போட்டவர்கள்.

ஜெயிலில் தொடங்கி படிப்படியாக ஏறாமல் நேராக மேலே வந்தவர்களும் உண்டு. மிகப் புகழ்பெற்றவர் டென்னசியின் மெக்நைரி கவுண்டி ஷெரீஃப் பியூஃபோர்ட் பஸ்ஸர். 1937-ல் பிறந்தவர், ஆறடிக்கும் மேல் உயரம். ஐம்பதுகளின் இறுதியில் சிகாகோ போய் மல்யுத்தம் செய்தார். 1962-ல் ஊர் திரும்பி, தன் அப்பா முன்பு தலைவராக இருந்த ஆடம்ஸ்வில் ஊர்ப் போலீஸுக்குத் தலைவரானார். 1964-ல் ஷெரீஃப் தேர்தலில் வென்றபோது வயது 26. மிசிசிப்பி எல்லையோரம் கள்ளச்சாராயம், சூதாட்டம் நடத்திய கும்பலை ஒடுக்கியவர் என்று பெயர் பரவியது. 1967 ஆகஸ்டில் விடியற்காலை அழைப்பு ஒன்றுக்காகக் காரில் போனபோது மறைந்திருந்தவர்கள் சுட்டதில் உடன் வந்த மனைவி பாலின் இறந்தார், தானும் முகத்தில் குண்டு பட்டுக் காயமடைந்தேன் என்றார் பஸ்ஸர். நாடே இரங்கியது. 1973-ல் அவர் கதை சினிமாவாக வந்து பெரும் வெற்றி பெற்றது. தொடர்ந்து பதவி வகிக்கும் வரம்பு முடிந்ததால் 1970-ல் விலகியவர், 1972-ல் மறுபடி நின்று தோற்றார். 1974-ல் கார் விபத்தில் இறந்தார்.

அரை நூற்றாண்டு அந்தக் கதை அப்படியே நின்றது. 2024-ல் பாலினின் உடலைத் தோண்டியெடுத்துப் புதிதாகப் பரிசோதித்தார்கள். 2025 ஆகஸ்டில் டென்னசி புலனாய்வுத் துறையும் மாவட்ட வழக்கறிஞரும் முடிவை அறிவித்தார்கள்: கிடைத்த சான்றுகள் பஸ்ஸர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை, அவர் உயிரோடு இருந்திருந்தால் மனைவியின் கொலைக்காக அவர்மேல் குற்றச்சாட்டு கொண்டுவரப் போதுமான ஆதாரம் இருக்கிறது. இறந்தவர்மேல் வழக்கு நடக்காது, அவரால் பதில் சொல்லவும் முடியாது. அதனால் நீதிமன்றத் தீர்ப்பு ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனாலும் இதில் என்னை உறுத்துவது ஒன்று. சம்பவம் நடந்தது ஷெரீஃபின் சொந்தக் கவுண்டியில், பார்த்ததாகச் சொன்னவர் ஷெரீஃப் மட்டுமே. ஊரே கொண்டாடும் ஒருவர் சொன்னதைச் சந்தேகிப்பது அன்று எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாலினுக்கு அந்தச் சந்தேகம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஓட்டுப்பெட்டி என்ன செய்யும் என்பதற்கு அலபாமாவின் இரண்டு கவுண்டிகளைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலாவது டாலஸ் கவுண்டி. அதன் தலைநகர் செல்மா. ஷெரீஃப் ஜிம் கிளார்க் மாடு வளர்ப்பவராக இருந்தவர். 1955-ல் ஆளுநர் அவரை நியமித்தார், அப்புறம் தேர்தல்களில் ஜெயித்துக்கொண்டே வந்தார். ஜெயிப்பதில் அதிசயமும் இல்லை. கவுண்டியில் ஓட்டுப்போடும் வயதில் கறுப்பின மக்கள் சுமார் 15,000 பேர் இருந்தார்கள், வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ சில நூறு பேர். பதிவு செய்ய வரிசையில் நின்றவர்களைக் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் தடியால் அடித்தார்கள், மின்சாரக் கோலால் குத்தினார்கள். அவருடைய சட்டையில் 'ஒருபோதும் இல்லை' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் பொறித்த வில்லை இருந்தது. 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் சுமார் 600 பேர் அமைதியாக நடந்து வந்தபோது, மாநிலப் போலீஸோடு சேர்ந்து கிளார்க்கின் குதிரைப்படையும் அவர்கள்மேல் பாய்ந்தது. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது அன்றுதான். தொலைக்காட்சியில் அதை நாடு பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அடுத்த ஆண்டு மே மாதம் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தல் வந்தது. கிளார்க்கை எதிர்த்து நின்றவர் வில்சன் பேக்கர். செல்மாவின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராக இருந்த வெள்ளையர், நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். புதிதாகப் பட்டியலில் சேர்ந்த ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய பகுதிகளைச் சேர்ந்த ஆறு பெட்டிகளை எண்ணக்கூடாது என்று உள்ளூர்க் கட்சிக் குழு ஒதுக்கி வைத்தது. மத்திய அரசு கோர்ட்டுக்குப் போனது; பெட்டிகளை எண்ணச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கிளார்க்கின் கதை முடிந்தது. அடி வாங்கியவர்களே அடித்தவரைக் காகிதச் சீட்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது மேகன் கவுண்டி, டஸ்கீகி இருக்கும் இடம். அன்று மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர்கள். அவர்கள் கை ஓங்கிவிடக் கூடாதென்று 1957-ல் டஸ்கீகி நகர எல்லையையே 28 பக்கங்கள் கொண்ட வடிவமாக வெட்டி, கறுப்பின வாக்காளர்களில் கிட்டத்தட்ட அனைவரையும் வெளியே தள்ளினார்கள். 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1966-ல் அந்தக் கவுண்டியில் ஷெரீஃப் பதவிக்கு நின்றவர் லூசியஸ் அமர்சன். கொரியப் போரில் பணியாற்றியவர், டஸ்கீகி கல்லூரியில் படித்தவர், தபால் ஊழியர். பதவியில் இருந்த வெள்ளை ஷெரீஃபைத் தோற்கடித்து, 1967 ஜனவரியில் பொறுப்பேற்றார். அடிமை முறை ஒழிந்த பின் வந்த குறுகிய மறுசீரமைப்புக் காலத்துக்கு அப்புறம், தென் மாநிலங்களில் ஷெரீஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். 20 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அவருக்கு ஓட்டுப்போட்ட முதியவர்களில் எத்தனையோ பேர் ஷெரீஃபின் கார் தெருவுக்குள் வந்தால் கதவை மூடிக்கொண்டு வளர்ந்தவர்கள். அந்தக் காரில் தங்கள் மனிதர் உட்கார்ந்து வந்த காலையை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் மனம் நெகிழ்கிறது.

ஆக, தேர்தல் வேலை செய்கிறது, எல்லாருக்கும் ஓட்டு இருந்தால். எல்லாருக்கும் ஓட்டு இருந்தும் வேலை செய்யாத இடம் ஒன்று இருக்கிறது, அது ஜெயிலின் சமையலறை. கைதிகள் ஓட்டுவங்கி அல்ல. அவர்களுக்கு என்ன சாப்பாடு போடுகிறார் என்பதைப் பார்த்து ஷெரீஃபுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை.

அலபாமாவில் கைதிக்கு நாளொன்றுக்கு 1.75 டாலர் என்று மாநிலம் ஷெரீஃபிடம் உணவுப் பணம் கொடுத்துவந்தது. செலவு போக மிச்சமானதை ஷெரீஃப் தன் சொந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டத்துக்குப் பொருள் கொண்டிருந்தார்கள். ஷெரீஃப்கள் சம்பளமில்லாமல் கட்டணத்தில் வாழ்ந்த காலத்தின் எச்சம் அது. மார்கன் கவுண்டி ஷெரீஃப் கிரெக் பார்ட்லெட் மூன்று ஆண்டுகளில் இப்படி சுமார் 2,12,000 டாலர் எடுத்திருந்தார். 2009-ல் வழக்கு வந்தபோது கைதிகள் சாப்பிட்டது என்னவென்று கோர்ட்டில் வெளிவந்தது. சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜை லாரி லோடாக மலிவு விலைக்கு வாங்கி, வாரக்கணக்கில் அதையே போட்டிருக்கிறார்கள். மெலிந்துபோன கைதிகள் சாட்சி சொன்னார்கள். மத்திய நீதிபதி ஷெரீஃபையே ஜெயிலுக்கு அனுப்பினார். கைதிகளுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுவேன் என்று ஒத்துக்கொண்டபின் மறுநாள் வெளியே வந்தார். அதோடு எல்லாம் திருந்தியதா? இல்லை. 2018-ல் இட்டோவா கவுண்டி ஷெரீஃப் டாட் என்ட்ரெகின் இதே கணக்கில் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்ததும், கடற்கரையில் 7,40,000 டாலருக்கு வீடு வாங்கியதும் பத்திரிகையில் வந்தன. சட்டப்படிதான் செய்தேன் என்றார் அவர். அந்த ஆண்டு தேர்தலில் தோற்றார். 2019-ல் மாநிலச் சட்டமன்றம் அந்த வழியை அடைத்தது.

இதனால்தான் ஜெயிலுக்கு வெளியார் கண்காணிப்பு கண்டிப்பாக வேண்டும் என்று சொல்கிறேன். டெக்சாஸில் 1975-ல் உருவாக்கிய ஜெயில் தரக் கண்காணிப்பு ஆணையம் கவுண்டி ஜெயில்களுக்குள் போய் ஆய்வு செய்கிறது, குறைகளை எழுதி வெளியிடுகிறது. அது போதுமானதா என்று அங்கேயே கேள்விகள் உண்டு. ஆனால் எழுதப்பட்ட ஒரு குறையாவது இருந்தால்தான் இறந்த கைதியின் தாய் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும்.

ஷெரீஃப் எப்போதும் ஆட்டுவிப்பவராக மட்டும் இருப்பதில்லை, மாட்டிக்கொண்டவராகவும் இருப்பார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அயோவா விவசாயிகளின் நிலங்கள் வங்கிக் கடனுக்காக ஏலத்துக்கு வந்தன. கோர்ட் வாசலில் நின்று நிலத்தின் விவரத்தை உரக்கப் படித்து ஏலம் விட வேண்டியது ஷெரீஃப். பண்ணைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த இடங்களில் சுற்றி நின்ற அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு சதம், இரண்டு சதம் என்று மட்டும் கேட்டு, வாங்கியதை உரியவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குமேல் கேட்க வந்த வெளியூர்க்காரர்களைப் பார்வையாலேயே அடக்கினார்கள். 1933 ஏப்ரலில் லெ மார்ஸ் ஊரில் கூட்டம் நீதிபதி பிராட்லியைக் கோர்ட்டிலிருந்து இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டியது. ஆளுநர் ராணுவச் சட்டம் போட வேண்டியிருந்தது. கடன் கட்ட முடியாதவரும் கயிறு பிடித்தவரும் ஷெரீஃபுக்கு ஓட்டுப் போட்டவர்கள். ஆணை பிறப்பித்ததோ கோர்ட். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதா, ஊருக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வி அந்தப் பதவியோடு கூடவே பிறந்தது.

சிலர் அந்தக் கேள்விக்கு ஆபத்தான பதில் கண்டுபிடித்தார்கள். அரிசோனாவின் கிரஹாம் கவுண்டி ஷெரீஃப் ரிச்சர்ட் மேக், முன்பு யூட்டாவின் புரோவோ நகரப் போலீஸில் இருந்தவர். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் அதிகாரிகள் சோதிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தபோது, மொன்டானாவின் ரவாலி கவுண்டி ஷெரீஃப் ஜே பிரின்ட்ஸும் இவரும் வழக்குப் போட்டார்கள். 1997-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சொன்னது குறுகிய விஷயம்: மத்திய அரசு தன் திட்டத்தை நிறைவேற்றும்படி மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கு உத்தரவிட முடியாது. மேக் அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார். 2011-ல் ஒரு சங்கம் தொடங்கி, கவுண்டிக்குள் ஷெரீஃபே உச்ச அதிகாரம், அரசியலமைப்புக்கு முரண் என்று அவர் கருதும் சட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்று பேசத் தொடங்கினார். எந்த நீதிமன்றமும் அப்படிச் சொன்னதில்லை. எந்தச் சட்டம் செல்லும் என்று ஒரு தனிமனிதர் முடிவுசெய்தால் என்ன ஆகும் என்பதைச் செல்மா மக்கள் முதுகில் வாங்கியிருக்கிறார்கள்.

பதவி முடியும் விதமும் மற்ற உத்தியோகங்கள் மாதிரி இருப்பதில்லை. நவம்பரில் தோற்றவர் பெரும்பாலும் ஜனவரியில் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஜெயில் சாவி, ஆயுத அறைச் சாவி, சாட்சியப் பொருள்கள் வைத்திருக்கும் அறையின் பட்டியல் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதுவும் தன்னைத் தோற்கடித்தவரிடமே. அவருக்கு நெருக்கமாக இருந்த டெபுடிகள் பக்கத்துக் கவுண்டியில் வேலை தேடத் தொடங்கியிருப்பார்கள். முன்னாள் ஷெரீஃப்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு அதிகாரியாகிறார்கள், சிலர் நிலத்துக்குத் திரும்புகிறார்கள், சிலர் கவுண்டி நிர்வாகக் குழுவுக்கே போட்டியிட்டு, தான் பணம் கேட்டு நின்ற மேசையின் மறுபக்கத்தில் உட்காருகிறார்கள். ஜிம் கிளார்க் இடம்விட்டு இடம் இழுத்துப் போகக்கூடிய வீடுகளை விற்றார். 1978-ல் கஞ்சா கடத்தல் சதியில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மத்தியச் சிறைக்குப் போனார். மேக் 1996 தேர்தலில் தோற்றார், மேடைப் பேச்சாளரானார். அமர்சன் 1987-ல் ஓய்வு பெற்றபோது, தென் மாநிலங்களின் பல கவுண்டிகளில் கறுப்பின ஷெரீஃப்கள் பதவியில் இருந்தார்கள்.